உயிர் மீட்கும் பயிற்சி: சங்கங்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

சென்ற கோடையில் ஒரு விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, அடுத்த தோட்டத்திலிருந்து கூக்குரல் எழுந்தது. பேரேட்டை மூடிவிட்டு ஓடினோம். பம்புசெட்டு அறையின் வாயிலில் சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் வீழ்ந்து கிடந்தார். ஈரக்கையால் சுவிட்சைத் தொட்டிருக்கிறார். யாரோ சமயோசிதமாக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் அதன்பின் செய்வது இன்னதென்று எவருக்கும் தெரியவில்லை. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார்; ஒருவர் வாயில் சோடா புகட்ட முயன்றார்; மற்றொருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். கூட்டுறவுச் சட்டத்தின் பிரிவுகளை எண்களுடன் ஒப்பிக்கவல்ல நாமோ, "வண்டிக்குச் சொல்லியாயிற்றா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நின்றோம். 108 வண்டி விரைந்தே வந்தது. எனினும் தூரம் காரணமாக 20 நிமிஷங்கள் கடந்துவிட்டன. அதிலிருந்து இறங்கிய உதவியாளர் கேட்ட முதற் கேள்வி, "யாராவது மார்பை அழுத்தினீர்களா?" என்பதே. ஒருவரும் பதில் கூறவில்லை. அப்பெரியவர் பிழைக்கவில்லை.

அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நாம் துணிந்து கூறமாட்டோம். அழுத்தத் தெரியாமல் நின்றோம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். இக்கட்டுரை அதன் பொருட்டே எழுதப்படுகிறது.

இதயம் நின்றதும் மூளைக்குச் செல்லும் இரத்தம் நின்றுவிடுகிறது. நான்கைந்து நிமிஷங்களில் மூளை சேதமடையத் தொடங்குகிறது. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பைச் சுமார் 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது என்பர். வண்டி வரும்வரை இதயத்தின் வேலையைப் பிறர் கைகள் செய்வதே சி.பி.ஆர். எனப்படும் மீட்பு முறை. மார்பைத் திறவாமல் வெளியிலிருந்தே அழுத்தும் இம்முறையை 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர் வெளியிட்டனர். அதே ஆண்டில் நார்வே நாட்டின் பொம்மைத் தயாரிப்பாளர் லேர்டால், உயிர் மீட்பைப் பழகுவதற்கென்றே ஆளுயரப் பொம்மையைச் செய்தளித்தார்.

முறை கடினமானதன்று. மின்சார விபத்தாயின் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும். அதற்குமுன் விழுந்தவரைத் தொடலாகாது. தட்டி அழைத்தும் உணர்வில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால், 108-க்குச் சொல்லிவிட்டு, கெட்டியான தரையில் மல்லாத்தி, மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றொரு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்தவேண்டும். பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வேகம் நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுவதும் எழும்ப விடவேண்டும். பயின்றவர் 30 அழுத்தங்களுக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பார். பயிலாதவர் அழுத்துவதை மட்டும் நிறுத்தாமல் செய்யலாம். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது நல்லது. கிணற்றில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சுக் கொடுப்பது மிக முக்கியம்.

இனிப் பயிற்சியைப் பற்றிக் கூறுவோம். அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் பயிற்சி நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி வந்திருந்தார். அரைமணி நேரம் திரையில் படம் காட்டுவதாகவும், தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்று அனைவருக்கும் சான்றிதழ் வழங்குவதாகவும் கூறினார். தீர்மானம் நிறைவேறும் தறுவாயில் இருந்தது. அப்போது பெண் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "ஐயா, பழகுவதற்குப் பொம்மை எங்கே? தறியில் உட்காராமல் நெய்யக் கற்றவர் யாராவது உண்டா?" என்று கேட்டார். பிரதிநிதியிடம் பொம்மை இல்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

அந்த அம்மையாரின் கேள்வியே எல்லாச் சங்கங்களுக்கும் முதல் உரைகல்லாகும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் பொம்மையின் மார்பில் குறைந்தது இரண்டு நிமிஷமாவது தாமே அழுத்திப் பழகவேண்டும். பின்னர் நாமும் அவ்வாறு பழகினோம். முதல் நிமிஷத்திலேயே வியர்த்துவிட்டது. அச்சு அடி சீராக விழாத துணியைப் போலவே, சீரற்ற அழுத்தமும் பயன் தராது. அதைக் கை உணரவேண்டுமேயன்றிக் கண் பார்த்து அறிய இயலாது. செல்போனில் காணும் படங்கள் கற்றதை நினைவூட்டப் பயன்படும், கற்பிக்கப் போதா.

இரண்டாவதாக, கற்பிப்பவர் எந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவர், அது காலாவதியாகாமல் உள்ளதா என்று கேட்கவேண்டும். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. அழுத்துவதை மட்டும் பொதுமக்களுக்குக் கற்பிக்கும் 'கோல்ஸ்' என்னும் எளிய முறையை இந்திய மயக்க மருந்து வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் பெயரால் நடக்கும் வகுப்புகளில் 'பி.எல்.எஸ்.' என்பது மருத்துவமனை ஊழியர்களுக்குரியது, பொதுமக்களுக்குரியது 'ஹார்ட்சேவர்'. இப்பேதம் அறியாமல் அதிகப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. உத்தியோகத்துக்குச் சான்றிதழ் தேவைப்படாதவர்க்கு எளிய வகுப்பே போதும்.

மூன்றாவதாக, மின்சார விபத்து, கிணற்றில் மூழ்குதல் ஆகியவை பாடத்தில் உண்டா, தமிழில் கற்பிப்பார்களா என்று பார்க்கவேண்டும். நான்காவதாக, பழகிய கை சில மாதங்களிலேயே மறந்துவிடும். ஆகவே மகாசபை கூடும் நாளிலும், அதற்கு ஆறு மாதம் கழித்தும் மறுபயிற்சிக்கு ஏற்பாடு செய்வது நலம். உபவிதிகள் இடந்தரும் அளவில் பொது நல நிதியை இதற்குப் பயன்படுத்தலாம்.

எவரும் தம் மார்பைத் தாமே அழுத்திக்கொள்ள இயலாது. ஒருவர் கற்கும் இவ்வித்தை அடுத்தவருக்கே பயன்படும். அவர் கற்றது இவருக்குப் பயன்படும். கூட்டுறவு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நாம் அறியோம். அடுத்த முறை சங்கங்களைப் பார்வையிட வரும்போது, ரொக்க இருப்பையும் சரக்கு இருப்பையும் சரிபார்த்தபின், "அழுத்தத் தெரிந்தவர் எத்தனை பேர்?" என்றும் கேட்போம். காரியதரிசிகள் விடையுடன் ஆயத்தமாயிருக்க வேண்டுகிறோம்.