அளந்து அனுப்பும் பெட்டி

1984 இன் கடைசியில் ஊரைவிட்டு வெளிக்கிட்ட கொக்கிளாய் மக்கள், போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்து காணி துப்புரவாக்கினார்கள். இடையில் போனது கால் நூற்றாண்டுக்கு மேல். இப்படி அலைந்த குடும்பங்களின் கலியாணப் படங்களும் காணி உறுதிகளும் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கைகளும் ஒரு கூரையின் கீழ் இருப்பதில்லை. கொஞ்சம் ஊரில், கொஞ்சம் ரொறன்ரோவில், கொஞ்சம் லண்டனில். அவற்றை ஸ்கான் செய்து ஒரே இடத்தில் போட்டு, சொந்தக்காரர் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வைப்பதற்கு இன்று பெரிய செலவில்லை. உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினி, ஒரு ஹார்ட் டிஸ்க், சிங்திங் போன்ற ஓர் இலவச மென்பொருள் இருந்தால் வீட்டுக்குள்ளேயே கோப்புச் சேர்வர் தயார். பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அந்தப் பெட்டி எவ்வளவு வேகத்தில் அனுப்பலாம் என்று ஒரு கட்டுப் போடவேண்டும்.

ஏன் என்று பார்ப்போம். ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் கோயில் திருவிழா வீடியோவை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது பதிவிறக்கம். கொக்கிளாயில் இருக்கும் பெட்டிக்கோ பதிவேற்றம். வீட்டு இணைப்புகள், 4ஜி ரவுட்டரானாலும் பழைய தொலைபேசிக் கம்பியானாலும், உள்ளே வருவதற்குக் கூடிய வேகத்தையும் வெளியே போவதற்குக் குறைந்த வேகத்தையுமே தருகின்றன. கொக்கிளாய்க் களப்பை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மா ஓயா, சூரியன் ஆறு என்று பல பக்கத்தால் தண்ணீர் வந்து விரிந்து கிடக்கிறது. கடலுக்குப் போக இருப்பது ஓர் ஒடுங்கிய முகத்துவாரம்தான்.

வெளியே போகும் வேகம் செக்கனுக்கு 5 மெகாபிற் என்று எடுப்போம். கட்டில்லாத சேர்வர் அந்த ஐந்தையும் நிரப்பிவிட்டு, இன்னும் தள்ளப் பார்க்கும். தள்ளுவதெல்லாம் ரவுட்டரின் நினைவகத்தில் வரிசையாகச் சேரும். இந்தச் சேமிப்பிடத்துக்குப் பஃபர் என்று பெயர். 1 மெகாபைற் அளவுள்ள பஃபர் நிறைந்துவிட்டால், கடைசியில் வந்து சேரும் பக்கெற், அதாவது தரவின் சின்னத் துண்டு, வெளியேறுவதற்கு 1.6 செக்கன் காத்திருக்கவேண்டும். ஒரு குரல் அழைப்பு இயல்பாக இருக்க, ஒரு பக்கத்துத் தாமதம் 0.15 செக்கனுக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். அதே நேரம் அதே வீட்டில் ஒரு பிள்ளை சூமில் க.பொ.த. சாதாரண தரக் கணித வகுப்பில் இருந்தால், அவள் கேட்ட கேள்வி ஆசிரியரிடம் போய்ச் சேருமுன் ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்.

பிள்ளை ஒன்றும் அனுப்பவில்லை, யூரியூப் பாடம் மட்டும் பார்க்கிறாள் என்றாலும் தப்ப முடியாது. தரவு வந்து சேரச்சேர, ‘கிடைத்தது’ என்று சின்னச்சின்னப் பதில் பக்கெற்றுகள் திரும்பிப் போகவேண்டும். இணையத்தின் டிசிபி விதிமுறை அப்படித்தான் இயங்குகிறது. அந்தப் பதில்கள் திருவிழா வீடியோவின் பின்னால் வரிசையில் நிற்கும். பதில் வராததால் மறுமுனை அடுத்த தரவை அனுப்பாமல் தயங்கும். இப்படித்தான் போகும் பாதையின் நெரிசல் வரும் பாதையையும் மந்தமாக்குகிறது. ‘இன்ரநெற் சரியில்லை’ என்று கம்பனியைத் திட்டும் பல நேரங்களில் காரணம் நம்முடைய வீட்டு மேசையில்தான் இருக்கிறது.

இதை உலகறியச் செய்தவரும் வீட்டிலிருந்து கோப்பு அனுப்பிக்கொண்டிருந்தவர்தான். எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெற்றிஸ், 2010 இல் அமெரிக்காவில் தன் வீட்டிலிருந்து அந்த அமைப்பின் பழைய ஆவணக் கோப்புகளை எம்.ஐ.ரி. பக்கம் அனுப்பினார். அந்த நேரத்தில் வீட்டு இணைப்பின் தாமதம் ஒரு செக்கனைத் தாண்டியது. தேடிப்போனபோது, நினைவகம் மலிந்ததால் உற்பத்தியாளர்கள் ரவுட்டர்களிலும் மோடங்களிலும் அளவுக்கு மீறிய பஃபரை வைத்திருப்பது தெரியவந்தது. பக்கெற்றை இழக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்ததே வினையாகிவிட்டது. நெரிசல் வந்தால் சில பக்கெற்றுகள் தொலையவேண்டும். அதைக் கண்டுதான் அனுப்பும் கணினி வேகத்தைக் குறைக்கும். பெரிய பஃபர் அந்த அறிகுறியை மறைத்துவிடுகிறது.

அனுப்புபவரே அடங்கவேண்டும் என்ற இந்த ஒழுங்குக்கு அதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. 1986 ஒக்ரோபரில், கலிபோர்னியாவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு திடீரென்று சரிந்தது. இடைத்தூரம் ஏறக்குறைய 400 யார். செக்கனுக்கு 32,000 பிற் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிற் மட்டும் போனது. கம்பி அறுபடவில்லை. எல்லாக் கணினிகளும் பதில் வரவில்லை என்று ஒரே தரவைத் திரும்பத் திரும்ப அனுப்பியதால் வந்த அடைப்பு அது. அங்கே வேலைசெய்த வான் ஜேக்கப்சன் 1988 இல் வெளியிட்ட கட்டுரை, கணினிகள் நெரிசலைக் கண்டு தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையைத் தந்தது. இன்றைய இணையம் நிமிர்ந்து நிற்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2012 இல் கத்லீன் நிக்கல்ஸுடன் சேர்ந்து பஃபர் வரிசையை ஒழுங்காக வைத்திருக்கும் கோடல் என்ற முறையைத் தந்தவரும் அவரே.

வீட்டுச் சேர்வருக்கு நாம் போடும் கட்டு இந்த வழியில் வந்த சின்ன வேலைதான். இணைப்பின் உண்மையான போகும் வேகத்துக்குச் சற்றுக் கீழே ஓர் எல்லை வைக்கிறோம். அப்போது வரிசை ரவுட்டரில் சேராது. நம் பெட்டிக்குள்ளேயே நிற்கும். வகுப்பின் பக்கெற்றும் ‘கிடைத்தது’ என்ற பதிலும் காத்திருக்காமல் போய்விடும். மென்பொருளுக்குள் நடப்பது எளிது. நேரம் போகப்போக ஒரு கணக்கில் குறிப்பிட்ட அளவு அனுமதி ஏறிக்கொண்டே வரும், ஒவ்வொரு பக்கெற்றும் தன் அளவுக்கு அதில் கழித்துக்கொண்டு போகும், கணக்கு முடிந்தால் அடுத்தது ஏறும்வரை நிற்கும்.

இதனால் மருமகனுக்கு என்ன இழப்பு? 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்திலிருந்து நீங்கள் முன்பே இறக்கி வைத்த புத்தகம் ஒன்று, 50 மெகாபைற், அவருக்கு வேண்டும் என்போம். 5 மெகாபிற் வேகத்தில் அது 80 செக்கன் எடுக்கும். 4 மெகாபிற்றுக்குக் கட்டினால் 100 செக்கன். அவருக்கு இருபது செக்கன் பொருட்டாகாது. அந்த ஒரு மெகாபிற் இடைவெளியில் வீட்டில் ஒரு பிள்ளையின் வகுப்பு நடந்துவிடும். கட்டுப்போடுவதைக் கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

சிங்திங்கில் அமைப்புகளுக்குள் இணைப்புகள் என்ற பக்கத்தில் இரண்டு பெட்டிகள் உண்டு: வரும் வேக எல்லை, போகும் வேக எல்லை. சுழியம் என்றால் எல்லையில்லை. இங்கே கவனம் வேண்டும். கம்பனிகள் வேகத்தைப் பிற்றில் சொல்கின்றன. இந்தப் பெட்டி கேட்பது கிலோபைற். எட்டுப் பிற் ஒரு பைற். 4 மெகாபிற் வேண்டுமென்றால் 490 அளவில் எழுதவேண்டும். 4000 என்று எழுதினால் அது 32 மெகாபிற்றுக்கு மேல் போய்விடும்; உங்கள் இணைப்பே அவ்வளவு இல்லாதபோது கட்டுப் போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

எந்த எண் சரி? 4ஜி இணைப்பின் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும். ஊரெல்லாம் கைபேசியோடு இருக்கும் இரவு ஏழு, எட்டு மணிக்கு அளந்து, வந்த எண்ணில் எண்பது வீதத்திலிருந்து தொடங்குங்கள். பிறகு ஒரு பெரிய கோப்பு போய்க்கொண்டிருக்கும்போதே கணினியில் தாமதத்தை அளக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 மில்லிசெக்கன் காட்டிய இணைப்பு இப்போது ஆயிரத்தைத் தொட்டால் எல்லையை இன்னும் இறக்கவேண்டும். 60, 70 இல் நின்றால் போதும். ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்றக்கூடிய ரவுட்டர் இருந்தால் கோடல் வழிவந்த வரிசை முறைகளை ரவுட்டரிலேயே இயக்கலாம். அப்போது சேர்வர் மட்டுமல்ல, வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒழுங்குக்குள் வரும்.

நேரத்தையும் பயன்படுத்தலாம். லண்டனில் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குக் கணினி முன் உட்காருபவருக்குக் கோடைகாலத்தில் இங்கே நேரம் நள்ளிரவு பன்னிரண்டரை. ரொறன்ரோவின் இரவு எட்டு நமக்கு விடியற்காலை ஐந்தரை. வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம். பல பொதிகளில் இரவு டேட்டாவும் தனியாக இருக்கும். ஆகவே பகலில் இறுக்கமான எல்லை, இரவில் தளர்வான எல்லை என்று வைப்பது எல்லோருக்கும் நல்லது. டொரன்ட் மென்பொருளான டிரான்ஸ்மிஷனில் ஆமைப் படம் போட்ட ஒரு பொத்தான் இதற்கென்றே இருக்கிறது. எந்த மணியிலிருந்து எந்த மணிவரை ஆமை வேகம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். கோப்புகளைப் பிரதியெடுக்க ஆர்சிங்க் மென்பொருளைப் பாவிப்பவர்கள் கட்டளையிலேயே வேக எல்லையைக் கொடுத்து, லினக்ஸின் கிரொன் மூலம் நேரம் குறிக்கலாம்.

ஒரே வீட்டுக்குள் நடக்கும் பரிமாற்றத்துக்கு இந்தக் கட்டு வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை மடிக்கணினியோடு வந்து, உங்கள் வைஃபையில் சேர்ந்து, கடந்தகால வினாத்தாள்களைப் பிரதியெடுத்தால் அது வெளியே போகும் பாதையைத் தொடுவதே இல்லை, டேட்டாவும் செலவாகாது. சிங்திங் இதை அறிந்து, வீட்டு வலையமைப்புக்கு எல்லையைப் பொருத்தாமல் விட்டுவிடுகிறது. அந்தத் தெரிவை மாற்றாமல் விடுங்கள். வினாத்தாள் தொகுப்பு முழுதும் சில நிமிடங்களில் அந்தப் பிள்ளையின் கணினிக்குப் போய்விடும்.