முகம் தாங்கிய காசுகள்

வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் சகோதரர்கள் சில்லறைக் காசை 'ஃபில்ஸ்' என்பர். 'ஃபோலிஸ்' என்னும் ரோம வெண்கல நாணயத்தின் பெயரே அரபியில் 'ஃபல்ஸ்' என மருவிற்று. பெயர் மட்டுமன்று, அந்நாணயத்தின் உருவமும் சில காலம் உடன் வந்தது.

செய்தித்தாள் இல்லாத காலத்தில் ரோமப் பேரரசர்கள் காசின் வழியே மக்களிடம் பேசினர். பொற்காசு செல்வர் பெட்டியில் உறங்கும். ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் கைமாறும் வெண்கலக் காசோ ஏழையின் குடிசை வரை செல்லும். முன்புறம் பேரரசரின் முகம். பின்புறம் அவர் சொல்ல விரும்பிய சேதி.

அவற்றுள் கொடியது, கி.பி. 71இல் வெஸ்பாசியன் வெளியிட்ட 'செஸ்டர்ஷியஸ்'. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவருடைய மைந்தர் டைட்டஸின் படை ஜெரூசலத்தைக் கைப்பற்றி, அங்கிருந்த ஆலயத்தைத் தீக்கிரையாக்கியிருந்தது. காசின் நடுவே ஒரு பேரீச்ச மரம். அதனடியில் துயருற்று அமர்ந்திருக்கும் யூதப் பெண். மறுபக்கம் ஈட்டியுடன் நிமிர்ந்து நிற்கும் ரோமர். சுற்றிலும் 'யூதேயா கைப்பற்றப்பட்டது' என்னும் வாசகம். கீழே 'மேலவையின் தீர்மானப்படி' என்பதைக் குறிக்கும் ஈரெழுத்துகள். ஒரு சமூகத்தின் கண்ணீரைக் காட்சியாக்கவும் தீர்மானம் வேண்டியிருந்தது போலும்! அந்தக் கண்ணீரைக் கொடுத்து ரோமாபுரிச் சந்தையில் மாவு வாங்கினார்கள்.

கி.பி. 130 அளவில் ஹாட்ரியன் அந்நகரை ரோமக் குடியேற்றமாக்கி, தம் குலப்பெயரால் 'ஏலியா' என்றழைத்தார். பேரரசர் ஏர்பூட்டி நகரெல்லையை உழும் காட்சி வெண்கலக் காசில் ஏறியது. 132இல் யூதர் கிளர்ந்தெழுந்தனர். புதிய உலோகத்தைத் தேடாமல், ரோமக் காசுகளையே எடுத்து, பேரரசரின் முகத்தை அராவித் தேய்த்து, அதன்மேல் தம் முத்திரையை அடித்தனர். பேரீச்ச மரம் மீண்டும் வந்தது. அதனடியில் அழும் பெண் இல்லை. சில காசுகளில் பழைய பொறிப்பின் சாயல் இன்றும் தெரிகிறது. 135இல் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது.

ஏலியா என்ற பெயர் நிலைத்தது. அரபியர் நாவில் அது 'ஈலியா'. கலீஃபா அப்துல் மலிக் காலத்தில் அங்கு அடிக்கப்பட்ட செப்பு ஃபல்ஸ் ஒன்றில், வாளுடன் நிற்கும் மனித உருவம் உண்டு. அது கலீஃபாவையே குறிக்கும் என்பர் ஆய்வாளர் பலர். சுற்றிலும் 'முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்'. மறுபுறம், ஃபோலிஸில் நாற்பது என்னும் மதிப்பைக் குறித்த 'எம்' எழுத்து அப்படியே இருக்க, 'ஈலியா', 'ஃபலஸ்தீன்' என்னும் சொற்கள் அரபியில்.

ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) அதே கலீஃபா புதிய தீனாரை வெளியிட்டார். அதில் முகமில்லை, வாளில்லை. இருபுறமும் எழுத்து மட்டுமே. செப்புக் காசுகளும் பின்னர் அவ்வழியே சென்றன.