தொடக்கநிலை நிரலாக்கப் பிழைகள்

தொடக்கநிலை நிரலாக்கப் பிழைகள் என்பவை கணினி நிரலாக்கம் கற்கத் தொடங்குவோர் பொதுவாகச் செய்யும் தவறுகளைக் குறிக்கும். நிரல்களில் ஏற்படும் பிழைகள் தொடரியல் பிழை, இயக்கநேரப் பிழை, தருக்கப் பிழை என மூன்றாக வகைப்படுத்தப்படுகின்றன. முதல் இரண்டும் பெரும்பாலும் பிழைச் செய்தியால் வெளிப்பட்டுவிடும். தருக்கப் பிழை உள்ள நிரலோ தடையின்றி இயங்கித் தவறான விடையைத் தரும். எனவே கண்டறியக் கடினமானது இவ்வகையே ஆகும்.

எடுத்துக்காட்டு: வைகை அணை

தேனி மாவட்டத்தில் ஆண்டிப்பட்டிக்கு அருகே 1959 இல் திறக்கப்பட்ட வைகை அணையின் உயர்ந்தபட்ச நீர்மட்டம் 71 அடி ஆகும். வைகை ஆற்று நீரும், கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வரும் முல்லைப் பெரியாற்று நீரும் இதனை வந்தடைகின்றன. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதலாம் வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கையும் கரையோர மக்களுக்கு விடுக்கப்படுவது வழக்கம். இவ்விதியை நிரலாக எழுதிப் பழகும் மாணவர் செய்யக்கூடிய தவறுகள் கீழே விளக்கப்படுகின்றன.

நிபந்தனைகளின் வரிசை

நீர்மட்டம் >= 66 எனில் முதலாம் எச்சரிக்கை
இல்லையேல், நீர்மட்டம் >= 68.5 எனில் இரண்டாம் எச்சரிக்கை
இல்லையேல், நீர்மட்டம் >= 69 எனில் மூன்றாம் எச்சரிக்கை

இந்நிரல் பார்வைக்குச் சரியாகத் தோன்றும். ஆனால் நீர்மட்டம் 69.2 அடியாக இருந்தாலும் முதல் நிபந்தனையே நிறைவேறிவிடுவதால், முதலாம் எச்சரிக்கை மட்டுமே கிடைக்கும். பெரிய எண்ணிலிருந்து தொடங்கிச் சோதிப்பதே சரியான முறையாகும். மேலும் >= என்பதற்குப் பதிலாக > என எழுதினால், சரியாக 66 அடியில் எச்சரிக்கை விடுபட்டுப் போகும்.

முழு எண் வகுத்தல்

68, 69 ஆகிய இரு அளவீடுகளின் சராசரி 68.5 ஆகும். சி, சாவா போன்ற மொழிகளில் இரு முழு எண்களை வகுக்கும்போது பின்னப்பகுதி நீக்கப்படுவதால், 137 / 2 என்பதன் விடை 68 எனக் கிடைக்கும். இதனால் இரண்டாம் எச்சரிக்கை தவறிவிடும். பைத்தானின் 3 ஆம் பதிப்பில் (2008) இதே கணக்கு 68.5 என்னும் விடையைத் தருகிறது.

மதிப்பிருத்தலும் ஒப்பிடலும்

சி மொழியில் = என்பது மாறியில் மதிப்பை இருத்துவதற்கும், == என்பது இரு மதிப்புகளை ஒப்பிடுவதற்கும் உரிய குறிகளாகும். நிபந்தனையில் == க்குப் பதிலாக = இட்டு 69 என எழுதினால், மாறியின் மதிப்பே 69 ஆக மாறி, அணை வறண்ட நாளிலும் மூன்றாம் எச்சரிக்கை ஒலிக்கும். == என எழுதினாலும் இங்கு அது போதாது. நீர்மட்டம் ஓர் அளவீட்டில் 68.9 ஆகவும் அடுத்ததில் 69.1 ஆகவும் இருந்தால், அந்நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது.

ஒன்று பிசகும் பிழை

பல மொழிகளில் அணிகளின் சுட்டெண் 0 இல் தொடங்குகிறது. 24 மணிநேர அளவீடுகளின் சுட்டெண்கள் 0 முதல் 23 வரை ஆகும். 24 ஆம் சுட்டெண்ணைக் கேட்டால் பைத்தான் பிழைச் செய்தி தரும்; சி மொழியோ தொடர்பற்ற ஏதேனும் ஒரு மதிப்பை அமைதியாகத் தந்துவிடக்கூடும்.

தமிழ்ச் சரங்களின் நீளம்

ஒருங்குறியில் உயிர்மெய் எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகளால் ஆனவை. ஆகவே 'தேனி' என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தான் 4 எனவும், 'கம்பம்' என்பதன் நீளத்தை 6 எனவும் தரும். அவற்றின் எழுத்துகளோ முறையே 2, 4 மட்டுமே. குறியீடுகளை எழுத்துகள் எனக் கொள்வது தமிழ் நிரலாளர் பலர் செய்யும் தவறாகும்.

தவிர்க்கும் முறை

இத்தகைய பிழைகள் தொடக்கநிலையினருக்கு மட்டும் உரியவை அல்ல. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ஏவூர்தி புறப்பட்ட சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியதற்கு, 64 பிட்டு மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 பிட்டு முழு எண்ணாக மாற்றியதே காரணம்.

நிரலை இயக்குவதற்கு முன்னரே எல்லை மதிப்புகளுக்கான விடைகளைத் தாளில் எழுதிக்கொள்வது சிறந்த வழியாகும். மேற்கண்ட நிரலை 65.9, 66, 68.4, 68.5, 68.9, 69 ஆகிய மதிப்புகளைக் கொண்டு சோதித்தால் நிபந்தனைத் தவறுகள் வெளிப்பட்டுவிடும். 50 அடி என்னும் ஒரே மதிப்பைக் கொண்டு சோதித்தால் பிழையுள்ள நிரலும் சரியானதாகவே தோன்றும்.