பழைய கேமிங் கணினி: முதலில் எதை மாற்றுவது?

ஆறேழு வருடம் உழைத்த கேமிங் கணினி புதிய கேம்களில் திணறத் தொடங்கியதும், நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அதிகம் பேசப்படும் பாகமும் விளம்பரங்களில் முன்னால் நிற்கும் பாகமும் அதுவே. அந்த அவசரம் பல தடவை பெருந்தொகையை வீணாக்கிவிடுகிறது. ஹல்துமுல்லை போன்ற தோட்டப்புற ஊரில் அந்த இழப்பின் கனம் இன்னும் கூடுதல். 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. ஒரு கார்டின் விலை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கில் அது 44 நாள் உழைப்பு. பொருந்தாத பாகத்தை வாங்கிவிட்டால் அதை மாற்றிக்கொள்ள ஏ4 வீதியில் பலாங்கொடை, இரத்தினபுரி கடந்து பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா வரைக்கும் போய்வர வேண்டியிருக்கலாம். ஆகவே எதை முதலில் மாற்றுவது என்பதை ஆசைக்கோ ஊகத்துக்கோ விடக்கூடாது. மற்றப் பாகங்களைக் காத்திருக்க வைக்கும் பாகம் எதுவோ அதையே முதலில் மாற்ற வேண்டும். அது எது என்பதை அளந்து பார்த்துத்தான் அறிய முடியும். மலைநாட்டில் அதற்கும் முன்னால் மின்சாரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

கேம் ஒன்று திரையில் அசைவது எப்படி என்று பார்த்தால் இதன் காரணம் விளங்கும். திரையில் ஓடுவது வேகமாக மாறும் தனித்தனிப் படங்கள். ஒவ்வொன்றையும் ஃபிரேம் என்பார்கள். செக்கனுக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒன்றைத் தயாரிக்கக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன்தான். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, கதவு திறந்ததா என்பதையெல்லாம் புரொசசர் கணக்கிட்டு, வரைய வேண்டியதைக் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கிறது. கார்ட் ஒரு ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே புரொசசர் அடுத்ததைத் தயாரிக்கிறது. எனவே இரண்டில் மெதுவானது எதுவோ அதன் வேகமே கேமின் வேகம். புரொசசர் 20 மில்லிசெக்கனும் கார்ட் 12 மில்லிசெக்கனும் எடுத்தால் செக்கனுக்கு 50 ஃபிரேம் கிடைக்கும். இரு மடங்கு வேகமான கார்டை வாங்கி அந்த 12ஐ 6 ஆக்கினாலும் கிடைப்பது அதே 50தான். ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, உலர்த்திக்குப் போகிறது. உலர்த்தி முழு அளவில் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு ரோலரை வாங்கி வைத்தால் உருட்டிய கொழுந்து குவிந்து அளவுக்கு மீறிப் புளிக்குமே தவிர, வெளியே போகும் தேயிலை ஒரு கிலோவும் கூடாது.

எது தடையாக நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் வி-சிங்க் போன்ற அமைப்புகளை நிறுத்திவிட்டு, வழமையாக விளையாடும் கேமை 1920 × 1080 ரெசலூஷனில் ஓட்டி எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ரெசலூஷனை 1280 × 720க்கு இறக்கி, அதே இடத்தில் அதே காட்சியை ஓட்டிப் பார்க்க வேண்டும். கார்ட் வரைய வேண்டிய புள்ளிகள் இப்போது பாதிக்கும் குறைவு. ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கார்டில் இருக்கிறது. அசையவே இல்லையென்றால் தடை பெரும்பாலும் புரொசசரில் இருக்கிறது. விண்டோஸ் 10இன் 2017 ஒக்டோபர் பதிப்பிலிருந்து டாஸ்க் மேனேஜரிலேயே கார்டின் உழைப்பைப் பார்க்கலாம். அது 95 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் தடை கார்டில்தான் என்பது உறுதியாகும். புரொசசரின் மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. நான்கு கோர் உள்ள புரொசசரில் ஒரு கோர் மட்டும் முழு மூச்சாக ஓடினால், மொத்தக் கணக்கு 25 சதவீதம் என்றே காட்டும். வலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டிக் கேம்களைக் குறைந்த செட்டிங்கில் ஆடுபவருக்குப் பெரும்பாலும் புரொசசர் தடையாக இருக்கும். காட்சியழகு நிறைந்த பெரிய கேம்களை ஆடுபவருக்கு அநேகமாகக் கார்ட் தடையாக இருக்கும். ஒரே பெட்டிக்கு இரண்டு பேரிடம் இரண்டு விடை கிடைப்பதால்தான் அடுத்தவருடைய வாங்கும் பட்டியலை அப்படியே பின்பற்றக் கூடாது.

அளந்து பார்த்ததோடு கடைக்கு ஓடிவிடவும் வேண்டாம். பெட்டியைத் திறந்து பார்ப்பது அடுத்த வேலை. விறகடுப்புப் புகை படியும் வீட்டில் விசிறிகளிலும் வெப்பத்தகடுகளிலும் சேரும் தூசி பிசுக்கோடு ஒட்டிக்கொள்ளும். ஊதினால் மட்டும் போகாது, தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும். புரொசசருக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையில் பூசிய தெர்மல் பேஸ்ட் வருடக்கணக்கில் காய்ந்து வெடித்துப் போயிருக்கும். சூடு 100 பாகை செல்சியஸை நெருங்கியதும் புரொசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்படிக் குறைந்த வேகத்தைப் பழமை என்று நினைத்துப் புதிய பாகம் வாங்குபவர்கள் உண்டு. ஒரு சிறு டியூப் பேஸ்டில் தீர வேண்டிய பிரச்சினை அது. மலையின் குளிர் இங்கே துணைக்கு வருகிறது. கொழும்பின் வெக்கையில் இருப்பவர் கூலருக்குப் போடும் தொகையை ஹல்துமுல்லைக்காரர் தாராளமாக வேறு பாகத்துக்குத் திருப்பலாம். அதே குளிரோடு வரும் பனிமூட்டத்தின் ஈரத்தை மட்டும் மறந்துவிடக்கூடாது. பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல், நிலத்திலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பவர் சப்ளையை மாற்றினால் ஒரு ஃபிரேம்கூடக் கூடாதே, அதற்கு ஏன் முதலிடம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. பவர் சப்ளை பழுதானால் கூடவே மதர்போர்டையும் கார்டையும் கொண்டுபோய்விடலாம் என்பதுதான் பதில். தரமான பவர் சப்ளை 12 வோல்ட் இணைப்பில் 5 சதவீதத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் விடாது. வீட்டு மின்சாரம் கண்ணிமைக்கும் நேரம் அறுந்தாலும், உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் சேமிப்பைக் கொண்டு சுமார் 16 மில்லிசெக்கன் தாக்குப்பிடிக்கும். வயதாக ஆக மின்தேக்கிகள் உலர்ந்து அந்தத் தாங்கும் நேரம் சுருங்கிவிடுகிறது. வீட்டில் லைட் ஒரு கணம் மங்கும்போதெல்லாம் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனால் முதல் சந்தேகம் இதன்மீதே விழ வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இடிக்கும் மலைச்சரிவில் கம்பிவழி மின்சாரத்துக்கு வேறு சோதனைகளும் உண்டு. நாடு முழுவதற்கும் பொதுவான சோதனைகளும் வந்து போயின: 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை துணைமின்நிலையத்தில் தொடங்கி நாடெங்கும் பரவிய மின்தடை. எனவே நல்ல எர்த் இணைப்பும், மின்னெழுச்சியைத் தடுக்கும் பிளக் பலகையும், முடிந்தால் யூபிஎஸ்ஸும் சேர்த்தே கணினி என்று எண்ணுவது நல்லது. இடி நெருங்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுவதற்கு ஈடான பாதுகாப்பு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. ரவுட்டரின் கம்பியையும் கூடவே கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.

அடுத்து ஹார்ட் டிஸ்க். விண்டோஸும் கேம்களும் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், காசு கொடுத்து மாற்றும் முதல் வேகப் பாகம் அதுவாகவே இருக்கட்டும். நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். தேடும் தரவு, அதை வாசிக்கும் தலைக்கு நேரே வரச் சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும். அந்தத் தலை நகரும் நேரம் அதற்கு மேல். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவுமே இல்லாததால் அதே தேடல் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிகிறது. ஒரு கேம் திறக்க 60 செக்கன் ஆகிறது, அதில் 50 செக்கன் டிஸ்க்கின் வேலை என்று வைத்துக்கொள்வோம். புரொசசரை இரு மடங்கு வேகமாக்கினால் மொத்தம் 55 செக்கன் ஆகும்; டிஸ்க்கை ஐந்து மடங்கு வேகமாக்கினால் 20 செக்கன். ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த விதியின் சாரம் இதுதான்: மொத்த நேரத்தில் பெரும்பங்கை எடுப்பது எதுவோ அதை விரைவாக்கினால்தான் பலன். கேம் நிறுவனங்களும் இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. சைபர்பங்க் 2077இன் 2023 மேம்பாட்டிலும் அதே ஆண்டு வெளிவந்த ஸ்டார்ஃபீல்டிலும் எஸ்எஸ்டி குறைந்தபட்சத் தேவை. சாட்டா வகை எஸ்எஸ்டி பத்து வருடப் பழைய மதர்போர்டிலும் வேலை செய்யும். நாளை புதுக் கணினி வாங்கினால் கழற்றிக் கொண்டுபோகலாம். படிப்புக்கும் அலுவலுக்கும் அதே கணினியைப் பாவிக்கும் மற்றவர்களுக்கும் இந்த மாற்றம் அன்றே தெரியும்.

ரேம் விடயம் சுருக்கமானது. 8 ஜிபியோடு இன்றைய கேம்களை ஓட்டும்போது நினைவகம் நிரம்பி, விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் போட்டு எடுக்கத் தொடங்குகிறது; விளையாட்டு இடையிடையே உறைந்து நிற்பதற்கு இது பொதுவான காரணம். 16 ஜிபி போதும். அதையும் ஒரே குச்சியாக இல்லாமல் இரண்டு குச்சிகளாகப் போட்டால் இரண்டு வழியாகத் தரவு பாயும். வாங்கும் முன் மதர்போர்டில் இருப்பது டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்று பார்க்க வேண்டும், ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. 2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியதால், தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்பதில் பயன் இல்லை.

இத்தனைக்கும் பிறகு அளவீடு கார்டையே காட்டினால் கார்டை வாங்கலாம், ஆனால் பெட்டிக்குப் பொருந்த வேண்டும். அலுவலகங்களில் பாவித்துக் கழித்த பிராண்ட் கணினிகள் நம் சந்தையில் பரவலாக விற்கின்றன. அவற்றில் கேம் ஆடுவோரும் ஏராளம். டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020 அப்படி ஒன்று. அதன் பவர் சப்ளை 290 வொட்தான். மதர்போர்டுக்குப் போகும் இணைப்பும் வழமையான 24 முள் இணைப்பு அல்ல, அந்த நிறுவனத்துக்கே உரிய 8 முள் இணைப்பு. மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லொட் மட்டும் ஒரு கார்டுக்கு 75 வொட் வரை கொடுக்கும். அதனால் தனி மின்கம்பி கேட்காத ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற கார்ட் இதில் சுகமாக ஓடும். 170 வொட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 3060 ஓடாது. புதியது என்பதாலேயே ஒரு கார்ட் பழைய பெட்டிக்கு நல்லதாகிவிடாது என்பதற்கு 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நல்ல உதாரணம். நான்கு தரவுப் பாதைகள் மட்டுமே கொண்ட அந்தக் கார்ட், பழைய பிசிஐஇ 3.0 இணைப்புள்ள மதர்போர்டில் பாதித் தரவு வேகத்தில் ஓடுகிறது. அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பும் கேம்களில் வேகம் கடுமையாக விழுகிறது. பாவித்த கார்ட் வாங்குவதில் தவறில்லை. 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் என்ற மெய்நிகர் நாணயம் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதும் அதை அகழப் பயன்பட்ட கார்டுகள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. அவற்றில் உழைத்துத் தேய்ந்தவையும் உண்டு என்பதால், கடையிலேயே அரை மணிநேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லி, சூட்டையும் விசிறிச் சத்தத்தையும் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

புரொசசரே தடையாக இருக்கும்போதுதான் முடிவு கடினமாகிறது. சில மதர்போர்டுகள் நீண்ட ஆயுள் கொண்டவை. 2017இல் ரைசன் புரொசசர்களோடு பரவிய ஏஎம்4 மதர்போர்டுகள் பலவற்றில், பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைக்கூட மாட்டலாம். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 இருக்கும் பெட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை; அதிகம் போனால் அதே காலத்து ஐ7 வரைதான் ஏறலாம். அதற்கு மேல் வேண்டுமானால் புரொசசர், மதர்போர்ட், ரேம் மூன்றையும் ஒன்றாக வாங்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்ததையும், விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான புரொசசர்களை ஏற்காததையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் பழையதில் காசைக் கொட்டாமல் புதிதாகவே ஒன்றை வாங்கலாமே என்பது வலுவான மறுப்பு. கையில் முழுத்தொகை இருப்பவருக்கு அது சரிதான். சிறுகச் சிறுகச் சேர்க்கும் குடும்பத்துக்கு நிலைமை வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். இறக்குமதிப் பொருளுக்காக நீண்ட காலம் சேமிப்பவரின் இலக்கு அவர் சேமிக்கும்போதே நகர்ந்துவிடலாம். நான் சொல்லும் வரிசை இந்த மறுப்பையும் உள்வாங்கியே வருகிறது. வழமையான இணைப்புள்ள பவர் சப்ளை, யூபிஎஸ், எஸ்எஸ்டி, கார்ட் ஆகியவை அடுத்த கணினிக்கும் வரும். பழைய மதர்போர்டோடு ஒழிந்துபோவது அந்த வகைப் புரொசசரும் ரேமும் மட்டுமே. ஆகவே கூட வரும் பாகங்களுக்குத் தயங்காமல் செலவழிக்கலாம். கூட வராதவற்றுக்கான செலவு புதுக் கணினி விலையின் மூன்றில் ஒன்றை எட்டினால் அங்கேயே நிறுத்திச் சேமிக்கத் தொடங்கலாம். இப்படி அளந்து வாங்கிப் பழகும் பிள்ளைக்குக் கேம் நன்றாக ஓடுவதோடு, ஓர் இயந்திரம் ஏன் மெதுவாகிறது என்று காரணம் தேடும் பழக்கமும் கிடைக்கிறது. கணினித் துறைக்குப் போக விரும்பும் தோட்டப்புற மாணவருக்கு அது நல்ல தொடக்கம். வீட்டார் பாடுபட்டுச் சேர்த்த காசுக்கு அதுவே சரியான மரியாதையும்.