மலைவாழ் மக்களின் தொழிலுக்கு மானியம்: கொட்டகைக்கா, கொள்முதலுக்கா?

மாசி, பங்குனி மாதங்களில் மலையடிவாரச் சந்தைகளில் புளி வந்து குவிகிறது. சித்திரை பிறந்தால் மலைத்தேன் வரத் தொடங்கும். கார்த்திகை முதல் நெல்லிக்காய் வரும். கடுக்காய், பூந்திக்கொட்டை, சீயக்காய், துடைப்பப் புல் ஆகியவையும் அந்தந்தப் பருவத்தில் இறங்கி வருகின்றன. இவற்றைச் சேகரிப்பவர்கள் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், மலையாளி, சோளகர், ஊராளி, பளியர் முதலான பழங்குடி மக்கள் ஆவர். சேகரித்த பொருளைச் சேகரித்தபடியே விற்றுவிடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். கொட்டை எடுத்த புளிக்கும், வடிகட்டிய தேனுக்கும், உலர்த்திய நெல்லிக்கும் கிடைக்கும் கூடுதல் விலை வேறு கைகளுக்குப் போய்ச் சேர்கிறது.

இந்நிலை மாற வேண்டும் என்பதற்காகவே, பழங்குடி மக்கள் தாங்களே உரிமையாளர்களாக இருந்து நடத்தும் தொழில்களுக்கு மத்திய, மாநில அரசுகள் மானியம் வழங்கி வருகின்றன. ஆயினும் மானியம் கிடைத்த எல்லா இடங்களிலும் தொழில் நிலைப்பதில்லை. கொட்டகை நிற்கும், இயந்திரமும் இருக்கும். பருவத்தில் சரக்கு மட்டும் வராது. இதற்கான காரணத்தை அறிந்து, விண்ணப்பிக்கும்போதே திட்டமிட்டுக் கொள்வது நல்லது.

மானியத்துக்கு முன் உரிமை

சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும், பயன்படுத்தவும், விற்கவும் பழங்குடியினருக்கு உள்ள உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. தேன், மெழுகு, அரக்கு, மூங்கில், மூலிகைகள், கிழங்குகள் ஆகியவை இதில் அடங்கும். 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, இப்பொருள்களை வெளியே கொண்டு செல்வதற்கான அனுமதிச் சீட்டை கிராம சபையின் குழுவே வழங்கலாம். எனவே தொழில் தொடங்க விரும்பும் குழுவினர் முதலில் கிராம சபை வாயிலாகத் தங்கள் உரிமையைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். உரிமை உறுதியாகாத பொருளை நம்பி இயந்திரம் வாங்குவது, தண்ணீர் பார்க்காமல் மோட்டார் வாங்குவது போலாகும்.

இரு வகை உதவிகள்

அரசு உதவிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, குழுவுக்கு நேரடியாகக் கிடைக்கும் மானியம். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் சத்தீஸ்கர் மாநிலம் பிஜாப்பூரில் தொடங்கி வைக்கப்பட்ட வன் தன் திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. சுய உதவிக் குழுக்கள் பலவற்றை ஒன்று சேர்த்து, ஏறத்தாழ 300 உறுப்பினர்களைக் கொண்ட ஒரு வன் தன் மையத்துக்கு ரூ.15 லட்சம் என்பது இதன் அளவு. 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட பி.எம். ஜன்மன் திட்டத்தில், மிகவும் நலிவுற்ற பழங்குடியினருக்கென இதைவிடச் சிறிய மையங்கள் அமைக்கவும் வழி செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு இனத்தவர் இப்பிரிவில் வருகின்றனர்.

இரண்டாவது வகை, கடனுடன் இணைந்த மானியம். இதில் வங்கி கடன் வழங்க இசைந்தால்தான் மானியம் வரும். 2020இல் தொடங்கி 2025-26 வரை என வரையறுக்கப்பட்ட குறு உணவு பதப்படுத்தும் தொழில் திட்டத்தில், திட்ட மதிப்பில் 35 சதம், அதிக அளவாக ரூ.10 லட்சம் மானியம் அறிவிக்கப்பட்டது. உணவுப் பொருள் தயாரிக்கும் சுய உதவிக் குழுவின் உறுப்பினர் ஒருவருக்கு ரூ.40,000 வரை தொடக்க நிதியும் இதில் உண்டு. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் முழு உரிமையுடன் நடத்தும் தொழில்களுக்கானது. புதிய தொழிலுக்கும், இருக்கும் தொழிலை விரிவாக்கவும் 35 சதம், அதிக அளவாக ரூ.1.5 கோடி முதலீட்டு மானியமும், 6 சத வட்டி மானியமும் இதில் அறிவிக்கப்பட்டன. நேரடிச் சாகுபடிக்கு இது பொருந்தாது. விளைபொருளைப் பதப்படுத்துதல், வணிகம், சேவைத் தொழில் ஆகியவற்றுக்குப் பொருந்தும். விண்ணப்பங்களை மாவட்டத் தொழில் மையம் பெறுகிறது.

திட்டங்களின் காலமும் விதிகளும் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டில் எது நடைமுறையில் உள்ளது என்பதை மாவட்டத் தொழில் மையத்திலும், பழங்குடியினர் நலத்துறை அலுவலகத்திலும் கேட்டறிந்து கொள்ள வேண்டும்.

வியாபாரி வெல்வது எதனால்?

மையத்தில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் சிலர் பழைய வியாபாரியிடமே சரக்கைக் கொடுப்பதைக் காணலாம். இதை அறியாமை என்று தள்ளிவிடுவது சரியன்று. வியாபாரி பணத்தை அன்றே கையில் தருகிறார். ஆடி, ஆவணியில் வேலை இல்லாத நாள்களில் அரிசிக்கும் மருத்துவச் செலவுக்கும் முன்பணம் கொடுத்தவரும் அவரே. அந்தப் பணத்துக்கு ஈடாக மாசி மாதப் புளி முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்கும். ஆகவே மையம் போட்டியிட வேண்டியது விலையில் மட்டும் அன்று. எடை போட்ட அன்றே பணம் தரும் வல்லமை அதற்கு வேண்டும். கொள்முதலுக்கும் கூலிக்கும் கையில் புரளும் இந்தப் பணத்தையே நடைமுறை மூலதனம் என்கிறோம். பல திட்ட அறிக்கைகளில் மிகக் குறைவாக ஒதுக்கப்படுவதும் இதுவே.

ஒரு புளிக் கணக்கு

எடுத்துக்காட்டாக, 300 உறுப்பினர்கள் கொண்ட ஒரு மையத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஓடு நீக்கிய, கொட்டையுடன் கூடிய புளி 60 கிலோ கொண்டு வந்தால் மொத்தம் 18 டன். 2020 மே மாதத்தில் மத்திய அரசு உயர்த்தி அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, கொட்டையுடன் கூடிய புளிக்குக் கிலோ ரூ.36. அந்த விலையை வைத்துக் கணக்கிட்டால் கொள்முதலுக்கு ரூ.6,48,000 தேவை.

முழுப் புளியம்பழத்தில் சதை சுமார் 55 சதம், கொட்டை 34 சதம், ஓடும் நாரும் 11 சதம் இருக்கும். ஓடு நீக்கிய 100 கிலோவிலிருந்து கொட்டையும் நாரும் போக ஏறத்தாழ 60 கிலோ சதை கிடைக்கும். அதாவது ரூ.3,600 கொடுத்து வாங்கியது 60 கிலோவாகிறது. கூலி சேர்க்காமலேயே ஒரு கிலோ சதையின் அடக்கம் ரூ.60. கொட்டை எடுக்கும் கூலி கிலோவுக்கு ரூ.15, உப்பு, பை, வண்டி வாடகை, எடைக்குறைவு ஆகியவற்றுக்கு ரூ.10 என்று வைத்தால் அடக்கம் ரூ.85 ஆகும். கொட்டை விற்ற பணத்தை இதில் கழித்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைப் போடாமல், வாங்கியது 36, விற்பது 75, இரட்டிப்பு லாபம் என்று எண்ணினால் நட்டமே மிஞ்சும்.

18 டன் புளியிலிருந்து 10.8 டன் சதை கிடைக்கும். கூலிக்கும் பிற செலவுக்கும் ரூ.2,70,000. கொள்முதலையும் சேர்த்தால் மொத்தம் ரூ.9,18,000. இப்போது மானியத்தைப் பார்ப்போம். வந்த ரூ.15 லட்சத்தில் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் ரூ.12 லட்சம் போய்விட்டால் மீதி ரூ.3 லட்சம். அதைக் கொண்டு ஏறத்தாழ 6 டன் புளியையே வாங்கிப் பதப்படுத்த முடியும். 100 உறுப்பினர்களின் சரக்கோடு பணம் தீர்ந்துவிடும். மற்ற 200 குடும்பங்கள் பெயரளவில் உரிமையாளர்களாக இருந்தும், புளியை மீண்டும் வியாபாரியிடமே கொண்டு போக வேண்டியிருக்கும். மறு ஆண்டு அவர்கள் மையத்துக்கு வராததில் வியப்பில்லை.

மேலும், புளி வாங்கிய உடனே விற்றுவிடும் பொருள் அன்று. மாசியில் போட்ட பணம் பல மாதங்கள் கழித்தே முழுவதும் திரும்பும். சேமிப்பில் புளி கறுத்தால் விலை இறங்கும். நன்கு உலர்த்தி, உப்புச் சேர்த்து, காற்றுப் புகாமல் இறுக்கி வைக்க வேண்டும். குளிர்பதனக் கிடங்கு அருகில் இருந்தால் அங்கு வைப்பது நிறத்தைக் காக்கும். அதன் வாடகையையும் அடக்க விலையில் சேர்க்க வேண்டும்.

எதற்கு எவ்வளவு?

திட்ட விதிகள் இடம் கொடுக்கும் அளவுக்கு, மானியத்தின் பெரும்பகுதியைக் கொள்முதலுக்கு ஒதுக்குவதே சிறந்தது. மேலே சொன்ன மையத்துக்குக் கருவிகளுக்கும் கட்டடப் பழுதுக்கும் ரூ.4 லட்சம், பயிற்சி, உரிமம், சீட்டு, பைகளுக்கு ரூ.1 லட்சம், கொள்முதலுக்கும் கூலிக்கும் ரூ.10 லட்சம் எனப் பிரித்தால் ஒரு பருவத்தின் புளி முழுவதையும் வாங்கிவிடலாம். புதுக் கட்டடத்துக்குப் பதிலாக ஊரில் பயன்படாமல் இருக்கும் சமுதாயக் கூடத்தையோ சங்கக் கிடங்கையோ கேட்டுப் பெறலாம். விதிகள் இடம் தராவிட்டால், சுய உதவிக் குழுவின் சுழல் நிதியையும் வங்கிக் கடனையும் கொள்முதலுக்கென முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டு, அதன் பிறகே இயந்திரம் வாங்க வேண்டும்.

அரசு மானியம் தவணைகளாக வருவதே வழக்கம். பங்குனிக்குப் பிறகு வரும் தவணை அந்த ஆண்டுப் புளிக்கு உதவாது. எனவே பருவத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்ப வேலைகளைத் தொடங்க வேண்டும்.

முதல் ஆண்டில் ஒரே பொருளோடு தொடங்குவது நலம். புளி விற்ற பணம் அடுத்த பருவத்து நெல்லிக்குச் சுழல வேண்டும். கொள்முதல் நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, விற்ற பணத்தை அதிலேயே திரும்பக் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கு முடியும் முன் லாபம் பங்கிடக் கூடாது. லாபத்தில் ஒரு பகுதியை ஆடி மாதச் சிறு முன்பணத்துக்கென ஒதுக்கினால் உறுப்பினர் வெளியே கடன் வாங்குவது குறையும். அடுத்த மாசியில் சரக்கும் மையத்துக்கே வரும்.

தரம் தவறினால் விலை இல்லை

தேனில் ஈரம் 20 சதத்துக்கு மிகக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மலைத்தேனில் இயற்கையாகவே ஈரம் மிகுதி. முற்றாத அடையைப் பிழிந்தால் ஈரம் இன்னும் கூடும், தேன் விரைவில் புளித்துவிடும். மூடி போட்ட, முதிர்ந்த தேன் பகுதியை மட்டும் அறுத்து, புழுவுள்ள பகுதியை விட்டுவிட வேண்டும். கையால் பிழியாமல் சுத்தமான துணியில் தானே வடியவிட வேண்டும். ஈரத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி, சரக்கு எடுக்கும் இடத்திலேயே சோதிப்பது பயனளிக்கும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இன்றி எந்த உணவுப் பொருளையும் விற்பனைக்கு அனுப்பக் கூடாது.

நிலைத்து நின்றவை

மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பாம்புத் தோல் வணிகம் தடைப்பட்டபின் வாழ்விழந்த இருளர்கள், தங்கள் பரம்பரை அறிவையே தொழிலாக்கினர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, நஞ்சுமுறி மருந்து தயாரிப்போருக்கு அளித்து வருகின்றனர். நீலகிரியில் 2013இல் உருவான ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்குதாரர்கள் பழங்குடி மக்களே. தேன், காப்பி, சிறுதானியம் முதலியவற்றைக் கையாளும் இந்நிறுவனம் 2021இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசைப் பெற்றது. இவ்விரண்டிலும் மக்கள் தாங்கள் நன்கு அறிந்த பொருளில் இறங்கினர். உரிமையையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டனர்.

விண்ணப்பிக்கும் முன்

பழங்குடியினர் இனச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரே வழங்குகிறார். விசாரணைக்குக் காலம் பிடிக்கும் என்பதால் உறுப்பினர் அனைவரும் இதற்கு முதலிலேயே விண்ணப்பிக்க வேண்டும். குழுவின் தீர்மானப் புத்தகம், வங்கிக் கணக்கு, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைச் சரிபார்த்து வைக்க வேண்டும். கடந்த ஒரு பருவத்தில் யார், எப்பொருளை, எத்தனை கிலோ, என்ன விலைக்கு விற்றனர் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், திட்ட அறிக்கையின் பாதி வேலை முடிந்துவிடும். வங்கி அதிகாரிக்கும் அதுவே நம்பிக்கை தரும்.

மானியம் ஒரு முறை வருவது. கொள்முதல் பணம் ஒவ்வொரு பருவமும் சுழன்று வர வேண்டியது. வரும் பருவத்தில் உறுப்பினர் அனைவரின் சரக்கையும் எடைபோட்ட அன்றே பணம் கொடுத்து வாங்க எவ்வளவு தேவை என்பதைக் குழுவினர் கூடிக் கணக்கிட்டு, அத்தொகையை முதலில் ஒதுக்கி வைத்த பின்னரே கொட்டகைக்கு அளவெடுக்க வேண்டும்.