அழுக்குத் தொட்டியில் நீந்திய தவளையின் புண் ஏன் சீழ் பிடிக்கவில்லை?

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஓர் ஆய்வகம். மைக்கேல் சாஸ்லாஃப் ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டைகளை எடுப்பார். தையல் போட்டு மறுபடி தொட்டியில் விடுவார். தண்ணீரிலோ கிருமிகள் மொய்க்கும். ஆனாலும் தையல் சீழ் பிடிக்காமல் ஆறியது. எப்படி?

1987இல் தவளையின் தோலிலேயே விடை கிடைத்தது: 23 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சரம், மேகைனின்.

எண்ணெய்ப் பிசுக்கேறிய வாணலியில் சோப்பு போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரை. சுருண்ட மேகைனினும் அப்படித்தான்: ஒரு பக்கம் எண்ணெயோடு ஒட்டும், மறுபக்கம் தண்ணீரோடு. பாக்டீரியாவின் கொழுப்புறைக்குள் சரங்கள் கூட்டமாகச் செருகிக்கொள்ள, உறை ஓட்டையாகி உள்ளிருப்பது ஒழுகிவிடும்.

நம் செல்லுக்கும் கொழுப்புறைதானே என்கிறீர்களா? நியாயமான கேள்வி. பாக்டீரியா உறையின் வெளிப்புறம் எதிர்மின்சுமை கொண்டது, சரத்துக்கு நேர்மின்சுமை. ஆகவே இழுப்பு அங்கேதான். நம் செல்லின் வெளிப்புறத்தில் எதிர்மின்சுமை மிகக் குறைவு.

மேகைனினைப் போன்ற செயற்கைச் சரங்களை மருந்தாக வடிவமைப்பவர்களுக்கு வேலையே இங்குதான். லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கூட்டினால் நேர்மின்சுமை ஏறும். எண்ணெயை விரும்பும் அமினோ அமிலங்கள் அதிகமானால் நம் சிவப்பணுக்களும் உடையும். குழம்புக்கு உப்புப் போடும் கைப்பக்குவம் வேண்டும். நம் நொதிகள் சரத்தைக் கத்தரித்துவிடுவது இன்னொரு தலைவலி. அதற்காகக் கண்ணாடிப் பிம்ப அமினோ அமிலங்களைக் கோக்கிறார்கள். இடதுகால் செருப்பில் வலதுகால் பொருந்தாததுபோல, நொதியின் பிடிக்குள் அவை அடங்குவதில்லை.

மேகைனினைத் திருத்திச் செய்த பெக்சிகனான், சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கான களிம்பாக அனுமதி கேட்டு வந்தது. 1999இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கையை விரித்துவிட்டது.