உங்களுக்குத் தெரியுமா? மிதக்கும் காடும் குதிரைப் பந்தும்

2023 மே மாதத்துக்குப் பிறகு மணிப்பூர் என்றாலே கலவரச் செய்தி மட்டும்தான் நம் காதில் விழுகிறது. அந்த மண்ணின் காட்டையும் களத்தையும் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

★ உலகத்திலேயே மிதக்கும் தேசியப் பூங்கா ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் இருக்கும் கெய்புல் லாம்ஜாவ். பரப்பு சுமார் 40 சதுர கிலோமீட்டர். புல், நாணல், வேர், மட்கிய செடி, மண் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டித் திட்டாகி நீரில் மிதக்கின்றன. ஊர்க்காரர்கள் இதை ‘பும்டி’ என்கிறார்கள். திட்டின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள்ளேதான் இருக்கும். கால் வைத்தால் அமுங்கும், எடுத்தால் எழும்பும். அதன் மேல்தான் மான்கள் மேய்கின்றன.

★ அந்த மானின் பெயர் சங்காய். மணிப்பூரின் மாநில விலங்கு. ஆணின் கொம்பில் புருவத்துக்கு மேலே முன்பக்கமாக வளையும் கிளையும் பின்னால் போகும் தண்டும் சேர்ந்து ஒரே வில்லாகத் தெரியும். பஞ்சுத்தரையில் பதுங்கிப் பதுங்கி அடி வைப்பதால் ‘ஆடும் மான்’ என்ற பெயரும் உண்டு. 1951-ல் இந்த இனமே அற்றுப்போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். இரண்டே வருடத்தில், அசாம் தேயிலைத் தோட்டத்தில் இருந்த இ.பி.ஜீ என்ற இயற்கை ஆர்வலர் சில மான்கள் பிழைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். 1975-ல் வானிலிருந்து எண்ணியபோது தேறியவை 14. 2016 கணக்கெடுப்பில் 260. காட்டு நிலையில் இந்தச் சங்காயை வேறெங்கும் பார்க்க முடியாது.

★ எண்ணிக்கை ஏறினாலும் தரை தேய்கிறது. முன்பெல்லாம் கோடையில் ஏரி வற்றும். பும்டி அடிமண்ணில் போய் உட்காரும். வேர்கள் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் தடித்த திட்டாக மறுபடி மேலே வரும். 1983-ல் நீர்மின் திட்டத்துக்காக இதாய் தடுப்பணை வந்தது. அதன்பின் வருடம் முழுக்கத் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறது. வேர் மண்ணைத் தொடுவதில்லை. பும்டி மெலிந்துகொண்டே போகிறது; மெலிந்த திட்டு மானின் எடையைத் தாங்காது. மின்சாரம் வேண்டும்தான். ஆனால் கோடையில் சில வாரமாவது ஏரியை வற்றவிட வழி காண முடியாதா என்று அங்குள்ளவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

★ மணிப்பூரின் மாநிலப் பறவை ‘நோங்இன்’ என்ற காட்டுக்கோழி இனம். 1881-ல் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர், தன் மனைவியின் நினைவாக அறிவியல் பெயர் சூட்டினார். அவர் யார் தெரியுமா? நாலு வருடம் கழித்துக் காங்கிரஸ் பேரியக்கம் பிறக்கக் காரணமாக இருந்த அதே ஏ.ஓ. ஹியூம்!

★ மாநில மலரிலும் ஒரு மனைவியின் பெயர் இருக்கிறது. உக்ருல் மாவட்டத்து ஷிருய் மலையில், மே, ஜூன் மாதங்களில் வெளிறிய இளஞ்சிவப்பில் தலைகவிழ்ந்து பூக்கிறது ஷிருய் லில்லி. இயற்கையாக வளரும் இடம் அந்த வட்டாரம் மட்டுமே. 1946-ல் இதைக் கண்டவர் தாவரவியலாளர் கிங்டன் வார்டு; அவர் மனைவி ஜீன் மேக்ளினின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது.

★ அமூர் வல்லூறு 200 கிராம்கூட எடை இல்லாத பறவை. சைபீரியா, வடசீனப் பக்கமிருந்து கிளம்பி, அக்டோபர், நவம்பரில் தமெங்லாங் மாவட்டத்தில் இறங்கி வயிறு நிரப்பிக்கொள்கிறது. பிறகு அரபிக்கடலை இடையில் எங்கும் இறங்காமல் கடந்து தென்னாப்பிரிக்கப் பக்கம் போய்விடுகிறது.

★ போலோ சீமான்கள் விளையாட்டு என்றுதானே நினைக்கிறோம்? மணிப்பூரில் அது ஊர் விளையாட்டு. பெயர் ‘சகோல் காங்ஜெய்’. பக்கத்துக்கு ஏழு பேர். கோல் கம்பமே கிடையாது. எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்து தாண்டினால் போதும். பந்து மூங்கில் வேரில் செய்தது, மட்டை பிரம்பு. அசாமின் கச்சாரில் குடியேறிய மணிப்பூரிகள் ஆடுவதைப் பார்த்து மயங்கிய ஆங்கிலேய அதிகாரிகள் ஷெரரும் ஸ்டீவர்ட்டும் 1859-ல் சில்சாரில் கிளப் தொடங்கினார்கள். 1862-ல் ஆட்டம் கல்கத்தாவுக்குப் போனது. அங்கிருந்து உலகம் சுற்றியது. இம்பால் நகர நடுவிலுள்ள மாபல் காங்ஜெய்புங் மைதானத்தில் இன்றும் ஆட்டம் நடக்கிறது.

★ ‘யூபி லாக்பி’ என்றொரு ஆட்டம். எண்ணெய் பூசிய தேங்காய்தான் பந்து. ஆடுகிறவர்களும் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். யாரையாவது பிடிக்க முடிகிறதா பாருங்கள்!

★ இத்தனை சிறிய மாநிலத்தில் இத்தனை விளையாட்டு வீரர்கள் எப்படி? ஹோலியை ஒட்டி வரும் யாவ்ஷாங் திருவிழா ஒரு காரணம் என்பேன். ஐந்து நாளும் தெருவுக்குத் தெரு கிளப்புகள் ஓட்டப்பந்தயம் நடத்துகின்றன. குழந்தையும் ஓடும், பாட்டியும் ஓடுவார்.

★ 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் டிங்கோ சிங் குத்துச்சண்டைத் தங்கம் வென்றார். அதைக் கண்டு கையுறை மாட்டியவர் மேரி கோம். உலகப் பட்டம் ஆறு, 2012 லண்டன் ஒலிம்பிக் வெண்கலம்.

★ பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு சிறுவயதில் தன் கிராமத்திலிருந்து இம்பால் பயிற்சிக்கு மணல் லாரிகளில் ஏறித்தான் போய்வந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்று ஊர் திரும்பியதும், அந்த லாரி ஓட்டுநர்களையும் உதவியாளர்களையும் தேடிப்பிடித்தார். 150 பேர் அளவுக்கு வந்தார்கள். சாப்பாடு போட்டு, ஆளுக்கொரு சட்டையும் மணிப்பூரித் துண்டும் கொடுத்து அனுப்பினார். எனக்குப் பதக்கத்தைவிட இந்தச் செய்திதான் பெரிதாகப் பட்டது.

★ பெண்கள் தேசியக் கால்பந்துப் பட்டத்தை இருபது முறைக்கு மேல் வென்ற மாநிலம் மணிப்பூர். 2018 இறுதியாட்டத்தில் அந்த அணியை 2-1 என்று வீழ்த்திய அணி எது? நம் தமிழ்நாடு!

★ கடைசியாகக் குதிரை. போலோ பிறந்தது நாலடி உயர மணிப்பூரிக் குதிரையின் முதுகில். அதற்கு மேய்ச்சல் சதுப்பு நிலம். சதுப்பைத் தூர்த்துக் கட்டடம் எழும்ப எழும்ப, குதிரைகள் குப்பைமேட்டுக்கும் சாலைக்கும் வந்து அடிபடுகின்றன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய ஆயிரம்.